அரைப்பேர்

மலை வெடித்திருக்கிறதா என்று அளக்கப் போயிருந்தேன்.
வெடிப்பின் இரண்டு கரையிலும் ஆணி அடித்து
நூல் கட்டி, மில்லிமீற்றர் குறித்துக்கொண்டு
மழைக்கு ஒதுங்கிய கொழுந்து மடுவத்தில்
கதவுக்கு முட்டாகக் கிடந்தது அது.

கறுப்பு. மினுக்கம்.
பாகு வழிந்து இறுகியதுபோல் மேலெல்லாம் வரி.
ஒரு மூலை உடைந்து
உள்ளே சாம்பல் பச்சை.

"அது கள்ளக்கல் மிஸ்" என்றார்
கணக்கப்பிள்ளை லோறன்ஸ்.
ஐப்பசியில் பவளக்கொடியின் பைக்குள் இருந்ததாம்,
கொழுந்துக்கு அடியில், நிறை கூட்ட.
பதினோராம் நம்பர் மலையில் வானத்திலிருந்து விழுந்தது,
காட்டத்தான் கொண்டுவந்தேன் என்றாளாம்.
"வானத்துல இருந்து!"
மடுவமே சிரித்ததாம்.
அன்றைக்கு அவளுக்கு அரைப்பேர்.

வருஷத்துக்கு நாலைந்து பேர்
பேராதனைக்குக் கல் கொண்டுவருவார்கள்.
பழைய பொயிலர் கிட்டம்,
ஆறு உருட்டிய கருங்கல்,
ஒருமுறை பட்டுத்துணியில் சுற்றி ஓர் அம்மிக்குழவி.
காந்தம் பிடித்தால் கிட்டம் என்பேன்,
பிடிக்காவிட்டால் கருங்கல்.
தேநீர் ஆறுவதற்குள் அனுப்பிவிடுவேன்.
இதன் முன்னால் நூலில் தொங்கிய காந்தம்
லேசாக முகம் திருப்பியது,
பிறகு மறந்துவிட்டது.

அறுத்தேன். தேய்த்தேன்.
முப்பது மைக்ரோன்; மயிர்கூட இதைவிடத் தடிப்பு.
நுணுக்குக்காட்டியின் அடியில்
மஞ்சளும் செம்மஞ்சளுமாகப் பைரொக்சீன்,
நடுவே கோடு போட்ட பிளஜியோகிளேஸ்.
பெரும்பாலான விண்கற்களில் இருக்கும்
அந்த உருண்டை மணிகளைத் தேடினேன்,
கண் எரியும்வரை.
ஒன்றுமில்லை. எங்கேயோ, எப்போதோ
முழுதாக உருகியிருக்கிறது இது.
உருகியதில் பழையதெல்லாம் போய்விட்டது.

இரும்புக்கும் மங்கனீசுக்கும் உள்ள விகிதம்
வெஸ்டாவோடு ஒத்துவரவில்லை.
சந்திரனோடும் இல்லை. செவ்வாயோடும் இல்லை.
மூன்று சில்லுகளைக் கடல் தாண்டி அனுப்பினேன்,
ஒட்சிசன் எண்ணச் சொல்லி.
ஏழு மாதம்.
பதில் இரண்டு வரி:
வகை, அகொண்ட்றைற்று.
கூட்டம், எதுவுமில்லை.

தவறு எங்கள் பக்கமோ என்று
திரும்ப எண்ணச் சொன்னேன்.
அதே இரண்டு வரி.

இனிப் பெயர்.
விழுந்த இடத்தின் பெயர்தான் கல்லுக்கு;
இருபது கிராம் காப்பகத்துக்கு.
வரைபடத்தில் அந்த இடம் லொக்னேவர்,
யாரோ ஒரு துரை கப்பலில் கொண்டுவந்த பெயர்.
அங்கே இருப்பவர்கள் ஊசிமலை என்கிறார்கள்.
படிவத்தில் ஒரு கட்டம்தான்.
இரண்டையும் எழுதினேன்.
ஒன்றை வெட்டிவிட்டு அனுப்பும்படி
மரியாதையாகத் திருப்பி அனுப்பினார்கள்.
மேசையில் கிடக்கிறது.

லயத்துக்குப் போனபோது
பவளக்கொடி படங்கு அலசிக்கொண்டிருந்தாள்.
அன்றைக்கு என்ன கேட்டது என்றேன்.
துணி கிழிகிற மாதிரி சத்தம் என்றாள்,
நீட்டுத் துணி, மேலே;
பிறகு பொத்தென்று.
நாய் இறங்கி ஓடிவிட்டது.
"தொட்டீங்களா? சுட்டுச்சா?"
"சுடல. சில்லுனு இருந்துச்சு."

பொய் சொல்ல வருகிறவர்கள்
சுட்டது என்றுதான் சொல்வார்கள்.
ஆய்வுகூடம் ஏழு மாதத்தில் சொன்னதை
அந்த ஒரு சொல்லிலேயே கேட்டிருக்கலாம்.
யாரும் கேட்கவில்லை.

நானூற்றைம்பது கோடி வருஷம் பழையது என்றேன்.
ம் என்றாள்.
எந்தக் கூட்டத்திலும் சேராது,
இதைப்போல் இன்னொன்று இதுவரை கிடைக்கவில்லை என்றேன்.
படங்கைப் பிழிந்து கொடியில் போட்டாள்.

"எத்தன கிலோங்க அது?"

உடைந்த மூலையையும் சேர்த்து
ஒன்று தசம் நான்கு.

"அவரு மூணு வெட்டுனாரு" என்றாள்,
"அரைப்பேரு வேற."